பழைய கட்டடத்துக்கு மானியம் வாங்கி கூரையும் சரிபண்ணி சோலாரும் போடுறது எப்படி

நூறு வருஷமோ எரநூறு வருஷமோ ஆன கட்டடம் ஒண்ணு உங்க பொறுப்புல இருக்கு, கூரை ஒழுகுது, கரண்ட் பில்லும் ஏறிட்டே போகுது, அரசு மானியம் குடுக்குதாமே அதுல ரெண்டையும் முடிச்சிரலாமான்னு யோசிக்கிறீங்கன்னா இத முழுசா படிங்க. முடியும். ஆனா அதுக்கு ஒரு வரிசை இருக்கு, அந்த வரிசை தெரியாம இறங்கினா ஒரு வருஷம் சும்மா போயிரும், எங்களுக்கு அப்படித்தான் போச்சு.

நாங்க ஆறு பேர் சேர்ந்து ஒரு பழைய வாசிப்பு மண்டபத்தப் பாத்துக்கிறோம். முதல் தடவ அப்ளிகேஷன் போட்டப்போ பேனல் எத்தன, வருஷத்துக்கு எத்தன யூனிட் வரும், பில் எவ்வளவு குறையும்னு நாலு பக்கம் எழுதிட்டு கட்டடத்தப் பத்தி அரைப் பக்கம்தான் எழுதினோம். திருப்பி அனுப்பிட்டாங்க. கூடவே ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாங்க: பேனலுக்கு அடியில இருக்கிற கூரை இன்னும் எத்தன வருஷம் தாங்கும்? எங்ககிட்ட பதில் இல்ல. அன்னைக்கு வருத்தமா இருந்துச்சு, ஆனா இப்ப யோசிச்சுப் பாத்தா அவங்க கேட்டதுதான் சரியான கேள்வி. பேனல் 25, 30 வருஷம் உழைக்கும். அடியில இருக்கிற ஓடோ மரச்சட்டமோ அஞ்சு வருஷத்துல பிரிச்சு மாத்த வேண்டிய நிலையில இருந்தா பேனல எல்லாம் கழட்டி, ஒயர உருவி, மறுபடி சாரம் கட்டி, மறுபடி மாட்டணும், அதாவது ஜனங்க பணம் ஒரே வேலைக்கு ரெண்டு தடவ செலவாகும். அதனால கூரை முதல்ல, பேனல் அதுக்கப்புறம், ஆனா ரெண்டும் ஒரே சாரத்துல. நான் கீழ சொல்ற எல்லாமே இந்த ஒரு விஷயத்துல இருந்துதான் வருது.

இத நல்லா பண்ணினவங்களுக்கு ஒரு உதாரணம் சொல்றேன். இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் ஊர்ல இருக்கிற கிங்ஸ் காலேஜ் சாப்பல், அதாவது அந்தக் கல்லூரியோட தேவாலயம், 1446ல அடிக்கல் வச்ச கட்டடம், உலகத்துல இருந்தே ஜனங்க வந்து பாக்கிற இடம். அதோட கூரைக்கு மேல இருக்கிற ஈயத்தகட்டப் புதுப்பிக்கிற வேலை வந்தப்போ அதோட சேத்தே 2023ல 438 பேனல் போட்டாங்க. பாரம்பரியக் கட்டடங்களப் பாத்துக்கிற ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு தோற்றம் கெடுமேன்னு கவலை சொல்லிச்சு, அதையும் கேட்டு எடைபோட்டுத்தான் நகர கவுன்சில் அனுமதி குடுத்துச்சு. இவ்வளவு பெரிய கட்டடத்துக்கே அப்படி விவாதம் நடந்திருக்கு, அதனால உங்களுக்கு யாராவது ஆட்சேபம் சொன்னா மனச விட்டுராதீங்க, அதுவும் நடைமுறையில ஒரு படிதான்.

எந்தப் பணம், யார்கிட்ட

முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது, "பழைய கட்டடத்துக்கு சோலார் மானியம்"னு ஒரே பேர்ல ஒரே திட்டம் கிடைக்கிறது அபூர்வம். பெரும்பாலும் பணம் ரெண்டு பக்கத்துல இருந்து வரும். ஒண்ணு பாரம்பரியப் பாதுகாப்புக்கான பணம், கலாச்சாரத் துறை, தொல்லியல் துறை, பாரம்பரிய நிதியம் மாதிரி இடங்கள்ல இருந்து. இன்னொண்ணு எரிசக்திக்கான பணம், மின்சாரம், சுற்றுச்சூழல், காலநிலை சம்பந்தப்பட்ட துறைகள்ல இருந்து. இந்த ரெண்டு ஆபீஸும் உங்க கட்டடத்த ரெண்டு விதமா பாக்கும். முதல் ஆபீஸ், இதுல அப்படி என்ன விசேஷம், நீங்க பண்ணப்போற வேலையால எது கெடும், நாளைக்கு வேணாம்னா பழையபடி ஆக்க முடியுமான்னு கேக்கும். ரெண்டாவது ஆபீஸ், எத்தன கிலோவாட், வருஷத்துக்கு எவ்வளவு யூனிட், எவ்வளவு கார்பன் மிச்சம், போட்ட காசு எத்தன வருஷத்துல திரும்பும்னு கேக்கும். நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான், ஒரே கடிதத்த ரெண்டு இடத்துக்கும் அனுப்பிடுவாங்க. வேலை ஒண்ணுதான், திட்டம் ஒண்ணுதான், வரைபடமும் ஒண்ணுதான், ஆனா ரெண்டு பேருக்கும் அவங்கவங்க கேள்விக்குப் பதில் முதல் பக்கத்துலயே இருக்கணும்.

மானியம்னாலே கைல காசுன்னு நினைக்காதீங்க. நேரடிப் பணம் ஒரு வகை, குறைஞ்ச வட்டிக் கடன் ஒரு வகை, வரிச்சலுகை ஒரு வகை. அமெரிக்காவுல மத்திய அரசு குடுக்கிறது பெரும்பாலும் வரிச்சலுகைதான், தகுதியான பழைய கட்டடத்த முறைப்படி புதுப்பிச்சா செலவுல 20 சதவீதத்த வரியில கழிச்சுக்கலாம், அதையும் அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சுத்தான் எடுக்கணும், அதுவும் வருமானம் வர்ற கட்டடத்துக்கு மட்டும், சொந்தமா குடியிருக்கிற வீட்டுக்குக் கிடையாது. இந்த மாதிரி ஒரு நிபந்தனை விதிமுறைல எங்கயாவது ஒளிஞ்சிருக்கும், அத முதல்லயே தேடிப் படிங்க. யார் அப்ளை பண்ணலாம் (தனி ஆளா, டிரஸ்டா, வழிபாட்டுத் தலமா, உள்ளாட்சியா), கட்டடம் அரசோட பாரம்பரியக் கட்டடப் பட்டியல்ல இருந்தே ஆகணுமா, குத்தகைக்கு எடுத்திருந்தா இன்னும் எத்தன வருஷம் பாக்கி இருக்கணும், மொத்த செலவுல எத்தன சதவீதம் வரைக்கும் தருவாங்க, ரெண்டு அரசு மானியத்த ஒரே செலவுக்கு சேத்து வாங்கலாமா கூடாதா, இந்த அஞ்சுக்கும் பதில் தெரியாம ஒரு வரி கூட எழுதாதீங்க. கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். நிறைய இடத்துல ஒரே பில்லுக்கு ரெண்டு பக்கமும் காசு வாங்கக்கூடாது, ஆனா ஒரே திட்டத்துக்குள்ள வேற வேற பில்லுக்கு வாங்கலாம், அதாவது கூரை மரம், ஓடு, சுண்ணாம்பு வேலை ஒரு மானியத்துல, பேனல், இன்வெர்ட்டர் (பேனல்ல வர்ற டிசி கரண்ட நாம பயன்படுத்துற ஏசியா மாத்துற பெட்டி), ஒயரிங் இன்னொரு மானியத்துல. சாரம் யார் கணக்குலன்னு முன்னாடியே எழுத்துல கேட்டு வச்சுக்கங்க, அதுல சண்ட வரும்.

அப்புறம் அனுமதி வேற, மானியம் வேற. இத எத்தன தடவ சொன்னாலும் தகும். மானியம் ஓகே ஆயிருச்சுன்னா அனுமதி வந்துருச்சுன்னு அர்த்தம் இல்ல, அனுமதி இருக்குன்னா மானியம் வரும்னும் இல்ல. பட்டியல்ல இருக்கிற கட்டடத்துக்கு பாரம்பரிய அனுமதி தனி, கட்டட அனுமதி தனி, கரண்ட கிரிட்ல, அதாவது மின்வாரியத்தோட பொது லைன்ல, இணைக்கிற அனுமதி தனி. இந்த மூணாவதுதான் ஜனங்க கடைசி வரைக்கும் மறக்குறது. டிரான்ஸ்பார்மர்ல இடம் இல்லன்னு மின்வாரியம் சொல்லிட்டா உங்க பேனல் கணக்கு மொத்தமும் மாறும், அதனால அந்த விண்ணப்பத்த எல்லாத்துக்கும் முன்னாடி போடுங்க.

எழுத்துல ஒப்புதல் வர்ற வரைக்கும் ஆணி கூட அடிக்காதீங்க

அனேகமா எல்லா பொது மானியத்துக்கும் பொதுவான விதி இது. ஒப்புதல் கடிதம் வர்றதுக்கு முன்னாடி ஆரம்பிச்ச வேலைக்குக் காசு கிடையாது. அவங்க தரப்புல யோசிச்சா நியாயம்தான், நீங்களே ஆரம்பிச்சிட்டீங்கன்னா மானியம் இல்லாமலே பண்ணியிருப்பீங்கன்னு ஆகிடுது. ஆர்டர் குடுக்கிறது, அட்வான்ஸ் கட்டுறது கூட பல இடத்துல "ஆரம்பிச்ச வேலை" கணக்குலதான் வரும். ரெண்டாவது தடவ அப்ளை பண்ணினப்போ நாங்க மழை வருதேன்னு பயந்து தண்ணி போற காலுவாய மட்டும் முன்கூட்டியே மாத்திட்டோம், அந்தப் பகுதி செலவு முழுசா எங்க தலையில விழுந்துச்சு.

ஆனா மழை யாருக்காகவும் காத்திருக்காது, அதுவும் உண்மை. அவசரம்னா தற்காலிக வேலை பண்ணலாம், தார்ப்பாய் போடலாம், முட்டுக் குடுக்கலாம், உடைஞ்ச ஓட்ட மாத்தலாம். அதப் பண்றதுக்கு முன்னாடி மானிய ஆபீஸுக்கு மெயில் போட்டு, இது தற்காலிகப் பாதுகாப்பு மட்டும்தான், முழு வேலை இல்லன்னு சொல்லி, போட்டோ எடுத்து வச்சு, அவங்க பதில் வந்ததுக்கப்புறம் பண்ணுங்க. போன்ல சொன்னாங்கங்கிறது ரெண்டு வருஷம் கழிச்சு ஆடிட் வர்றப்போ நிக்காது.

கட்டடத்தப் படிக்கிறது

இங்கதான் நேரம் செலவு பண்ணணும், இதுல அவசரப்பட்டா மத்ததெல்லாம் ஆட்டம் காணும். ரெண்டு காகிதம் வேணும். ஒண்ணு கட்டடத்தோட நிலை அறிக்கை, இன்னொண்ணு கட்டடத்தோட முக்கியத்துவம் என்னன்னு சொல்ற குறிப்பு.

நிலை அறிக்கைய பழைய கட்டடத்துல வேலை செஞ்ச அனுபவம் இருக்கிற ஆர்க்கிடெக்டோ இன்ஜினியரோதான் எழுதணும். புதுக் கான்கிரீட் கட்டடம் மட்டும் கட்டிப் பழகினவர் வந்தா எத எடுத்தாலும் சிமெண்ட் வச்சுப் பூசுங்கம்பார். சுண்ணாம்புக் காரையில கட்டின சுவர் மூச்சு விடுற சுவர், உள்ள போன ஈரம் காரை வழியா வெளிய வந்து காயும். அது மேல சிமெண்ட் பூசினா ஈரம் உள்ளயே அடைபட்டு, உப்பு பூத்து, செங்கல்லோட முகம் உதிர ஆரம்பிக்கும், ஏன்னா சிமெண்ட் அந்தப் பழைய செங்கல்ல விட கெட்டி. முன்னாடி யாரோ நல்ல எண்ணத்துல பூசின சிமெண்ட பக்குவமா சுரண்டி எடுக்கிறதே எங்க மண்டபத்துல பெரிய வேலையா இருந்துச்சு. இந்த மாதிரி விஷயம் அறிக்கையில இருந்தா பாரம்பரிய ஆபீஸ்ல படிக்கிறவருக்கு உடனே தெரிஞ்சிரும், இவங்க கட்டடத்தப் புரிஞ்சவங்கன்னு.

அறிக்கையில கூரைய தனி அத்தியாயமா கேளுங்க. ஒவ்வொரு உத்திரமும் சட்டமும் எப்படி இருக்கு, சுவத்துக்குள்ள போற முனை மக்கியிருக்கா (வெளிய நல்லா தெரிஞ்சாலும் முனைதான் முதல்ல போகும்), கரையான் இருக்கா, தண்ணி எங்க தேங்குது, ஓட்டுக்கு இன்னும் எத்தன வருஷ ஆயுள். அதோட எடை கணக்கு. சாதாரண பேனல் ஒண்ணு சுமார் 20 கிலோ, அடியில வர்ற கம்பி, கிளாம்ப் எல்லாம் சேத்தா சதுர மீட்டருக்கு 12ல இருந்து 16 கிலோ வரைக்கும் கூரை மேல நிரந்தரமா ஏறும். கேக்க கம்மியாத்தான் இருக்கும், ஆனா நூறு வருஷமா ஒரே பாரத்துக்குப் பழகின மரம் அது. எடைய விட பெரிய கவலை காத்து, பலமா அடிக்கிறப்போ பேனல கீழ அமுக்காது, மேல தூக்கும், அந்த இழுப்பு எல்லாம் நாலஞ்சு கொக்கி வழியா பழைய சட்டத்துக்குத்தான் போகும். மொட்டை மாடில துளை போடாம கனமான கல்லு வச்சு நிறுத்துற முறை இருக்கு, நல்ல முறைதான், ஆனா எடை ரெண்டு மூணு மடங்கா ஏறும், பழைய மச்சு தாங்குமான்னு இன்ஜினியர் கையெழுத்து போட்டுச் சொல்லணும்.

முக்கியத்துவக் குறிப்புல நிறைய பேர் ஊர்ப் பெருமை எழுதிடறாங்க. அது வேணாம். இந்தக் கட்டடத்துல எது அசல், எது பின்னாடி சேத்தது, எந்தப் பக்கம் இருந்து பாத்தா இதோட அழகு தெரியுது, எது போனா திரும்ப வராது, இத சொல்லுங்க. சுத்தி நடந்து எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்க, தெருவுல நின்னு, எதிர்த்த மேட்டுல நின்னு, பக்கத்து மாடில நின்னு. பிறகு பேனல் எங்க வைக்கலாம்னு முடிவெடுக்கிறப்போ இந்த போட்டோதான் பேசும். பழைய கட்டடங்கள எப்படிக் காப்பாத்தணும்னு 1964ல போட்ட சர்வதேச ஆவணமான வெனிஸ் சாசனம்தான் இன்னைக்கும் பல நாட்டு விதிகளுக்கு அடிப்படை, அதுல ஊகம் எங்க ஆரம்பிக்குதோ அங்க மராமத்து நின்னுறணும்னு இருக்கு, அதாவது இப்படித்தான் இருந்திருக்கும்னு கற்பனையில எதையும் கட்டக்கூடாது. ஆஸ்திரேலியாவோட பர்ரா சாசனம் 1979ல வந்துச்சு, அது சொல்றது இன்னும் நேரடியா இருக்கும், தேவையான அளவுக்குச் செய், ஆனா முடிஞ்ச வரைக்கும் கம்மியா மாத்து. இந்த ரெண்டையும் படிச்சிட்டு எழுதினா உங்க குறிப்போட தொனியே மாறிரும். ஐரோப்பாவுல இருக்கிறவங்க 2017ல வந்த இஎன் 16883ங்கிற தர விதியும் பாக்கலாம், பழைய கட்டடத்துல மின்செலவக் குறைக்கிறப்போ எந்த வரிசையில யோசிக்கணும்னே படிப்படியா குடுத்திருக்காங்க, வேற நாட்டுல இருந்தாலும் அந்த யோசனை முறை உதவும்.

பேனல் எங்க, எப்படி

முதல் கேள்வி கூரைலதான் போடணுமாங்கிறது. பின்னாடி ஒரு கொட்டகை இருக்கு, பிற்காலத்துல கட்டின சமையலறை இருக்கு, வண்டி நிறுத்துற இடம் இருக்குன்னா அதுல போட்டு ஒயர் மட்டும் கொண்டு வந்தா அசல் கட்டடத்தத் தொடவே வேணாம், பாதி ஆட்சேபம் அங்கயே தீர்ந்துரும். நிலத்துல போடுறதா இருந்தா ஒயர் புதைக்க தோண்டணும், தொல்லியல் முக்கியத்துவம் இருக்கிற இடம்னா தோண்டவே தனி அனுமதி வாங்கணும், அத மறந்துராதீங்க.

கூரைலதான் வழின்னா தெருவுல இருந்து தெரியாத சரிவப் பாருங்க. இங்கிலாந்துல குளஸ்டர் கதீட்ரல்ங்கிற பெரிய தேவாலயத்துல 2016ல 150 பேனல் போட்டாங்க, கைப்பிடிச்சுவர் மறைச்சிருக்கிறதால கீழ நின்னு பாக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது. உங்க கட்டடத்துலயும் அந்த மாதிரி கைப்பிடிச்சுவரோ, ரெண்டு சரிவுக்கு நடுவுல பள்ளமோ இருந்தா அதுதான் முதல் சாய்ஸ். சூரியன் நேரா படுற சரிவு தெருப்பக்கமா இருந்து, தெருவுல இருந்து தெரியாத வேற சரிவு கிழக்கோ மேற்கோ பாத்து இருந்தா அதையே எடுத்துக்கங்க, வருஷ யூனிட் கொஞ்சம் குறையும், ஆனா கட்டடத்தோட முகம் தப்பிக்கும், பாரம்பரிய ஆபீஸ்ல நீங்க குடுத்த விட்டுக்கொடுத்தல் கணக்குல வரும். இந்தக் குறைவு எவ்வளவுன்னு வாய்ல சொல்லாதீங்க, கணக்கு காட்டுங்க. ஐரோப்பிய ஆணையத்தோட பிவிஜிஐஎஸ், உலக வங்கியோட குளோபல் சோலார் அட்லஸ், ரெண்டும் இலவசம், இடத்தக் குறிச்சு சரிவும் திசையும் குடுத்தா மாசவாரியா எவ்வளவு யூனிட்னு சொல்லிரும். விக்கிறவர் குடுக்கிற கணக்கையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வைங்க, ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம் இருந்தா ஏன்னு கேளுங்க. மரம், கோபுரம், புகைபோக்கி நிழல இந்தக் கருவிங்க தானா பாத்துக்காது, அத நேர்ல ஒரு நாள் முழுக்க நின்னு பாக்கணும்.

எத்தன கிலோவாட்? இப்ப வர்ற பேனல்ல ஒரு கிலோவாட்டுக்கு சுமார் 5 சதுர மீட்டர் போதும். ஆனா கூரை எவ்வளவு பெருசுன்னு பாத்து அளவு முடிவு பண்ணாதீங்க, பகல்ல நீங்க எவ்வளவு கரண்ட் எடுக்கிறீங்கன்னு பாத்து முடிவு பண்ணுங்க. ஒரு வருஷ பில் எல்லாம் எடுங்க, முதல்ல பல்ப எல்லாம் எல்இடிக்கு மாத்தினா, சந்துல போற குளிரையோ வெக்கையையோ அடைச்சா எவ்வளவு குறையும்னு போடுங்க, மிச்சத்துக்குத்தான் சோலார். எரிசக்தி மானியம் குடுக்கிறவங்க இந்த வரிசையத்தான் எதிர்பாக்கிறாங்க, நம்ம கட்டடத்துக்கும் அதுதான் நல்லது, பத்து பேனல்ல முடியற வேலைக்கு எதுக்கு முப்பது.

மாட்டுற விதத்துல ஒரே தத்துவம், நாளைக்குக் கழட்டினா தடம் தெரியக்கூடாது. மடிப்பு வச்ச தகரக் கூரைன்னா துளையே போடாம மடிப்பப் பிடிச்சுக்கிற கிளாம்ப் இருக்கு. ஓட்டுக் கூரைன்னா ஓட்டுல துளை போடக்கூடாது, ஓட்டத் தூக்கி அடியில சட்டத்துல கொக்கி மாட்டி மறுபடி ஓட்ட மூடணும், எடுத்த ஓட்டு எல்லாத்தையும் நம்பர் போட்டு வச்சுக்கணும். சட்டம் முழுக்க கருப்பா இருக்கிற பேனல் எடுங்க, வெள்ளி விளிம்பு தூரத்துல இருந்தே பளிச்சுனு கண்ணக் குத்தும். முகட்ட ஒட்டியோ ஓரத்த ஒட்டியோ போடாம சுத்தி இடம் விட்டு, ஒரே நேரான செவ்வகமா வைங்க, பல்லு போன மாதிரி அங்க ரெண்டு இங்க மூணுன்னு வேணாம். பேனலுக்கும் கூரைக்கும் நடுவுல காத்து போகணும், பேனல் சூடாக ஆக கரண்ட் குறையும், 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.3ல இருந்து 0.4 சதவீதம். ஓடு மாதிரியே இருக்கிற சோலார் ஓடும் வந்திருக்கு, இத்தாலியில பாம்பெய் தொல்லியல் நகரத்துல சில வீட்டுக் கூரைல பழைய ரோமானிய சுடுமண் ஓடு மாதிரியே தெரியற சோலார் ஓடு வச்சிருக்காங்க. பாக்க அருமையா இருக்கும், ஆனா அதே இடத்துல சாதாரண பேனல் தர்ற அளவுக்கு கரண்ட் தராது, விலையும் கூட, அதனால வேற வழியே இல்லாத முகப்புக் கூரைக்கு மட்டும் யோசிங்க.

தீ பத்தி தனியா சொல்லியே ஆகணும். வெயில் இருக்கிற வரைக்கும் பேனல்ல கரண்ட் இருக்கும், மெயின் சுவிட்ச அணைச்சாலும் பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவுல போற டிசி ஒயர்ல பல நூறு வோல்ட் நின்னுட்டுத்தான் இருக்கும். பழைய கட்டடத்துல அந்த ஒயர் காஞ்ச மரத்துக்கு நடுவுல போகுது. அதனால டிசி ஒயர முடிஞ்ச வரைக்கும் கட்டடத்துக்கு வெளியவே உலோகக் குழாய்ல கொண்டு வாங்க, இல்லன்னா ஒவ்வொரு பேனல் அடியிலயும் மைக்ரோ இன்வெர்ட்டர் வச்சு அங்கயே ஏசியா மாத்துங்க. இன்வெர்ட்டர மச்சு மேல மர அறைல வைக்காதீங்க. தீயணைப்புத் துறைக்கு முன்னாடியே வரைபடம் குடுத்து அவங்க கருத்த எழுத்துல வாங்குங்க, இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லுங்க, சொல்லாம விட்டா நாளைக்கு கிளெய்ம்ல மாட்டிக்கும். இடிதாங்கி இருந்தா பேனல் சட்டத்தோட அது எப்படி சேரணும்னு அது தெரிஞ்சவர்கிட்டதான் கேக்கணும், கூரை ஏறுற ஆள் குத்துமதிப்பா பண்ற வேலை இல்ல. கூரைக்குள்ள வௌவால், பறவைக் கூடு இருந்தா பல நாட்டுல சட்டப் பாதுகாப்பு உண்டு, குஞ்சு பொரிக்கிற மாசத்துல வேலைய நிறுத்திருவாங்க, கால அட்டவணைல அந்த மாசத்த விட்டுட்டுப் போடுங்க.

அப்ளிகேஷன்ல என்ன எழுதுறது

அந்தப் பக்கம் உக்காந்து படிக்கிறவரு ஒரே வாரத்துல நிறைய அப்ளிகேஷன் படிக்கிறவரு. முதல் பத்திலயே கட்டடம் என்ன, ஆபத்து என்ன, என்ன வேலை, எவ்வளவு கேக்கிறோம், வேலை முடிஞ்சா யாருக்கு என்ன நன்மைன்னு சொல்லிருங்க. ஆபத்த பெருசாக்கவும் வேணாம், மறைக்கவும் வேணாம். "கூரை மோசமா இருக்கு"ன்னா ஒண்ணும் புரியாது, "வடக்குச் சரிவுல பதினாலு சட்டத்துல அஞ்சுல முனை மக்கியிருக்கு, போட்டோ எண் 7 பாருங்க"ன்னா புரியும். நன்மைன்னு சொல்றப்போ மிச்சமாகுற கரண்ட் காசு எங்க போகும்னு எழுதுங்க, இது ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கிறேன். அந்தக் காசு வருஷா வருஷம் கூரை சுத்தம் பண்ண, காலுவாய் பாக்க, சுண்ணாம்பு அடிக்க ஒரு தனிக் கணக்குல போகும்னு தீர்மானம் போட்டு அதோட நகல வச்சோம், அங்கதான் ரெண்டு ஆபீஸ் கேள்வியும் ஒண்ணா சேந்துச்சு, சோலார் கட்டடத்தக் காப்பாத்துதுன்னு ஆயிருச்சு.

வேற என்னென்ன வழி யோசிச்சீங்க, ஏன் விட்டீங்கங்கிறத எழுதாம விட்டுராதீங்க. ஒண்ணுமே பண்ணாம விட்டா என்ன ஆகும், நிலத்துல போட்டா என்ன, பின்பக்கம் போட்டா என்ன, முன்பக்கம் போட்டா என்னன்னு நாலையும் வச்சு, கட்டடத்துக்கு வர்ற பாதிப்பையும் வர்ற யூனிட்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டுங்க. உங்க நாட்டுச் சட்டத்துல புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு ஏதாவது சாதகமான பிரிவு இருந்தா அதையும் குறிப்பிடுங்க. ஜெர்மனில 2022ல சட்டத்தத் திருத்தி, இந்த மாதிரி மின் உற்பத்தி மேலோங்கிய பொதுநலன் சார்ந்ததுன்னு எழுதினாங்க, பழைய கட்டடத்துல சோலாருக்கு அனுமதி குடுக்கிறப்போ அதையும் எடைபோட வேண்டியதாச்சு. சட்டம் உங்க பக்கம் இருக்குங்கிறதால கட்டடத்தப் பத்தி எழுதுறத குறைச்சிராதீங்க.

கொட்டேஷன் பெரும்பாலும் மூணு கேப்பாங்க, மூணுமே ஒரே வேலைப்பட்டியலுக்கு இருக்கணும், ஒருத்தர் சாரம் சேத்து இன்னொருத்தர் சேக்காம குடுத்தா ஒப்பிடவே முடியாது. ரொம்பக் கம்மியா குடுத்தவர எடுக்கலன்னா ஏன்னு ஒரு பத்தி எழுதுங்க, சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் இவர்கிட்டதான் இருக்கார்னா அதுவே நியாயமான காரணம். எதிர்பாராத செலவுக்குன்னு ஒரு தொகை ஒதுக்குங்க, பழைய கூரைய பிரிச்சா உள்ள என்ன இருக்கும்னு யாராலயும் முழுசா சொல்ல முடியாது. முடிஞ்சா அனுப்புறதுக்கு முன்னாடி அந்த ஆபீஸ்ல இருக்கிற ஒருத்தர நேர்ல வரச்சொல்லி கட்டடத்தக் காட்டுங்க, நாங்க அப்படிக் காட்டினப்போ வந்தவங்க ஏணி போட்டு ஏறிப் பாத்து, எங்க திட்டத்துல இருந்த ஒரு வரிசை பேனல எடுத்துடச் சொன்னாங்க, எடுத்தோம், அப்புறம் எல்லாம் சுலபமா போச்சு.

காசு கைக்கு வர்றது

ஒப்புதல் வந்தாலும் மொத்தமா முன்னாடியே தர மாட்டாங்க. நீங்க வேலைய முடிச்சு, காசக் குடுத்து, பில்லும் பேங்க் ஸ்டேட்மெண்டும் அனுப்பினா அப்புறம்தான் அவங்க பங்கு வரும், கட்டம் கட்டமா. அதுக்கு நடுவுல வர்ற மாசங்களுக்கு யார் கைக்காசு போடுறது? இத யோசிக்காம விட்டா சாரம் நின்னபடியே நிக்கும், வாடகை ஏறும், கூரை திறந்து கிடக்கும். ஒப்பந்தக்காரர்கிட்ட முன்னாடியே பேசி அவரோட பணக் கட்டத்தையும் மானியக் கட்டத்தையும் பொருத்தி வைங்க, இல்லன்னா இடைக்காலக் கடனுக்கு ஏற்பாடு பண்ணிக்கங்க. உங்க பங்குன்னு ஒரு சதவீதம் காட்டச் சொன்னா, சில இடத்துல தன்னார்வலர்களோட உழைப்பு நேரத்தையும் காசா கணக்குல எடுப்பாங்க, அப்படின்னா யார் எந்த நாள் எத்தன மணி நேரம்னு கையெழுத்தோட ஒரு நோட்டு போட்டுருங்க.

கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி நிபந்தனைகள ஒவ்வொரு வரியா படிங்க. குறிப்பிட்ட வருஷத்துக்குள்ள கட்டடத்த வித்தா மானியத்தத் திருப்பணும், வருஷத்துக்கு இத்தன நாள் பொதுமக்கள் வந்து பாக்க விடணும், பராமரிப்புத் திட்டப்படி நடக்கணும், பில்லெல்லாம் இத்தன வருஷம் வச்சிருக்கணும், இப்படி இருக்கும். எதுவும் முடியாதுன்னா அப்பவே சொல்லுங்க, நிறைய நேரம் மாத்திக் குடுப்பாங்க. வேலை நடக்கிறப்போ திட்டத்துல ஒரு சின்ன மாத்தம் வந்தாலும், ஓட்டோட நிறம் மாறினாலும் கூட, எழுதிக் கேட்டுட்டுப் பண்ணுங்க.

திருப்பி அனுப்பிட்டாங்கன்னா காரணம் கேளுங்க, கேட்டா சொல்வாங்க, அடுத்த சுற்றுல அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் எழுதி அதே கோப்ப மறுபடி போடுங்க. எங்களுக்குக் கிடைச்சது மூணாவது தடவதான்.

வேலை முடிஞ்சதும் முதல்ல எடுத்த அதே இடத்துல நின்னு மறுபடி போட்டோ எடுங்க, கடைசித் தவணைக்கு அது வேணும். பேனல் வருஷத்துக்கு சுமார் அரை சதவீதம் திறன் குறையும், இன்வெர்ட்டர் 10, 15 வருஷத்துல ஒரு தடவ மாத்த வேண்டி வரும், அதுக்கு இப்பவே மாசாமாசம் கொஞ்சம் எடுத்து வைங்க, ஏன்னா அந்தச் செலவுக்கு மானியம் வரும்னு நம்ப முடியாது. மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ பேனலுக்கு அடியில டார்ச் அடிச்சுப் பாருங்க, இலை அடைச்சு தண்ணி நின்னா பேனல் மறைச்சிருக்கிறதால வெளிய தெரியாது, உள்ள மரத்துக்குத்தான் தெரியும். கூரை வரைபடம், ஒயர் போற பாதை, எந்த சுவிட்ச எந்த வரிசையில அணைக்கணும், எந்த ஓடு எந்த நம்பர், சுண்ணாம்பு எந்த விகிதத்துல கலந்தாங்க, எல்லாத்தையும் ஒரு கோப்புல போட்டு கட்டடத்துக்குள்ளயே மீட்டர் பலகைக்குப் பக்கத்துல மாட்டி வைங்க, அடுத்து இந்தக் கூரைல ஏறப்போறவர் உங்கள பாத்திருக்கவே மாட்டார்.